மொட்டைவால் சாமி

நம் வயதுக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் இப்போதெல்லாம் கண்ணைப் பற்றித்தான் பேசுகிறோம். யாருக்கு எந்தக் கண்ணில் புரை எடுத்தார்கள், யாருக்குச் சொட்டு மருந்து எரிகிறது, யார் பேருந்து எண்ணைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு ஏறுகிறார்கள். போன மாதம் நானும் ஒரு கண் முகாமுக்குப் போனேன். அங்கே நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் ஓர் அணிலைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராயபுரத்தில் எங்கள் கோயில் வளாகத்தின் தென்மூலையில் ஒரு கெபி இருந்தது. மாதா சுரூபம் வைப்பதற்காகக் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய சிறு குகை. மழைநீர் வடிய அதன் அடியில் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு மண்குழாய் பதித்திருந்தார்கள். அந்தக் குழாயின் வாயருகே இருந்த பொந்தில் அணில்கள் குடியிருந்தன. மேலே வாதா மரம். நாங்கள் கடித்துத் துப்பிய வாதாம்பழத்தின் சிவப்புக் கறை தரையெல்லாம் கிடக்கும். மதிலுக்கு அப்பால் ரயில் பாதை. கரி எஞ்சின் போகும்போதெல்லாம் மாதாவின் வெள்ளை அங்கியில் கரித்தூள் படியும். கடல் பக்கமிருந்து காற்று வந்தால் கருவாட்டு வாசனை, துறைமுகத்துப் பக்கமிருந்து வந்தால் தார் வாசனை. இரண்டும் இல்லாத நாள் எனக்கு நினைவில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு தவக்காலம் அது. எனக்குப் பத்து வயது. ஈஸ்டர் அன்று நாங்கள் பத்துப் பதினைந்து பிள்ளைகள் புது நன்மை வாங்க இருந்தோம். முதன்முதலாக நற்கருணை உட்கொள்வதை அப்படித்தான் சொல்வோம். அதற்கு முந்தைய நாள் முதல் பாவசங்கீர்த்தனம். மரத்தொட்டியின் பக்கத்தில் முழங்காலிட்டு, சல்லடைக்கு அந்தப் புறம் உட்கார்ந்திருக்கும் சாமியாரின் காதில் செய்த பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். தினமும் மாலையில் எங்களுக்கு வகுப்பெடுத்த உபதேசியார், கறுப்புக் குடையைத் தரையில் தட்டித் தட்டி எங்களை நன்றாகப் பயமுறுத்தி வைத்திருந்தார்.

"ஒரே ஒரு பாவத்த மறச்சிட்டு நன்மை வாங்கினாலும் அது சாவான பாவம். நாக்குல நெருப்பா ஒட்டிக்கும். துப்பவும் முடியாது, முழுங்கவும் முடியாது."

வகுப்பு முடிந்து வெளியே வந்தால் எங்களுக்கு எச்சில் விழுங்கவே பயமாக இருக்கும். எங்களுக்கு என்றால் மூன்று பேருக்கு. நான், மீன்காரம்மா மகன், கிரேன்காரர் மகன். என் அப்பா துறைமுகத்தில் சரக்குக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஷெட் மாஸ்டர். கப்பலிலிருந்து சரக்கை இறக்கும் கிரேன் ஒன்றை ஓட்டியவர் என் நண்பனின் அப்பா. இருவருக்கும் வேலை ஒரே சரக்குமேடையில்தான். ஆனால் என் அப்பா கீழே கணுக்கால் தெரிய வெள்ளைக் கால்சட்டையில் நிற்பார். அவன் அப்பா ஐம்பது அடி உயரத்தில் ஒரு தகரக் கூண்டில் உட்கார்ந்திருப்பார். அந்த வயதில் எனக்கு அவன் அப்பாதான் பெரியவர்.

ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை கிரேன்காரர் மகனுடையது.

"தொட்டிக்கு உள்ள போய் மெர்சலாயி நிக்கறதுக்கு, முன்னாடியே யாரு கிட்டயாவது சொல்லிப் பாத்துக்கலாம்டா."

"யாரு கிட்ட? உங்க ஆயா கிட்டயா?" என்றான் மீன்காரம்மா மகன்.

"அணிலு கிட்ட. பாரு, அதுக்கும் முதுவுல கோடு கீது, சாமியாரு பூசைக்குப் போட்டுகினு வராரே அந்த மாரி. கையக் கூட கூப்புது."

உண்மைதான். வேர்க்கடலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அது உட்கார்ந்தால் பூசையில் நிற்கும் சாமியாரைப் போலவே இருக்கும். அங்கிருந்த அணில்களில் பெரியதுக்குப் பாதி வால் இல்லை. பூனை கடித்ததோ என்னவோ. அதைப் பெரிய சாமி என்றும், மொட்டைவால் சாமி என்றும் வைத்தோம். மற்றவை சின்ன சாமிகள்.

சட்டங்கள் தானாக உருவாயின. கெபிக்கு முன்னால் முழங்காலிட வேண்டும். உள்ளங்கையில் ஒரு வேர்க்கடலை. பாவத்தைக் கிசுகிசுக்க வேண்டும், உரக்கச் சொன்னால் சாமி ஓடிவிடும். மற்ற இருவரும் கைப்பம்பு வரை தள்ளிப் போய்க் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். சாமி வந்து கடலையை எடுத்தால் பாவம் தீர்ந்தது. எடுக்காமல் ஓடினால் பெரிய பாவம், நாளைக்கு மறுபடி வர வேண்டும். எத்தனை முறை கீச்சிடுகிறதோ அத்தனை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்ல வேண்டும். கடலைக்கு மீன்காரம்மா மகன் பொறுப்பு. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் சாக்கு கிழிந்து சிந்தியதைப் பொறுக்கி டவுசர் பையில் நிரப்பிக்கொண்டு வருவான். கரி வாசனை அடிக்கும். சாமி முகம் சுளித்ததில்லை.

அந்தப் பையால் அவனுக்கே ஒரு நாள் வினை வந்தது. முழங்காலிட்டுப் பாவத்தைச் சொல்லத் தொடங்கியவன் கையிலிருந்ததை விட்டுவிட்டு, ஒரு சின்ன சாமி நேராக அவன் டவுசருக்குள் புகுந்துவிட்டது. "அய்யோ நைனா, உள்ள கீதுடா! உள்ள கீதுடா!" என்று அவன் மாதாவுக்கு முன்னால் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து நாங்கள் பம்படியில் உருண்டு சிரித்தோம். அணில் இடுப்பு வழியாக வெளியே வந்து தோளில் ஏறி மரத்துக்குத் தாவியது. கிரேன்காரர் மகன் சொன்னான்: "சாமி உன் பாவத்தத் தேடிகினு போச்சுடா. கெடைக்கல, கலீஜா கீதுன்னு வந்துட்ச்சு."

இன்னொரு நாள் என் முறை. தலை குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டி, அம்மாவின் டப்பாவிலிருந்து சர்க்கரை திருடியதைக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் குடை தட்டும் சத்தம். உபதேசியார். நான் அசையவில்லை, அசைந்தால் அணில் ஓடிவிடும். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மெதுவாகப் போய்விட்டார். ஞாயிறு வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் என்னை எழுப்பி நிறுத்தினார்.

"வெயில்ல, யாரும் பாக்காதப்போ, மாதாகிட்ட கையேந்தி அழுதுட்டு இருந்தான் இவன். பக்தின்னா அதான்."

எனக்குக் கிடைத்த முதல் பொய்ப் பாராட்டு அது. நான் மறுக்கவில்லை. எவ்வளவு எளிது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

உருண்டு போன ஒரு கடலையைத் தேடிக் கெபிக்குப் பின்னால் போனபோதுதான் குழாயின் மறுவாயைக் கண்டேன். குனிந்தேன். முன்பக்கம் முழங்காலிட்டிருந்த மீன்காரம்மா மகனின் குரல், என் காதுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல் வந்தது. "சாமி, அம்மா கூடையிலர்ந்து ஒரு வஞ்சிரத் துண்ட எத்து பூனைக்குப் போட்டுட்டேன்." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாக்கை அண்ணத்தில் தட்டி இருபது முறை கீச்சிட்டேன். பாவம், அவன் இருபது அருள் நிறைந்த மரியே சொல்லி முடிக்கும்போது பன்னிரண்டு மணிச் சங்கே ஊதிவிட்டது.

அதன்பிறகு நான் பம்படிக்குப் போகவே இல்லை. போவதுபோல் கிளம்பி, ஒன்றுக்குப் போகிறேன் என்று மற்றவனிடம் சொல்லிவிட்டு, மதிலோரமாகச் சுற்றிப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்வேன். அவர்களுக்குத் தெரியாது. ஒரு வாரத்துக்கு ராயபுரத்தில் என்னைவிடச் சந்தோஷமான ஆள் இருந்திருக்க முடியாது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை மதியம் கிரேன்காரர் மகன் வந்து முழங்காலிட்டான். அன்று அவன் குரல் விளையாட்டுக் குரலாக இல்லை.

"சாமி, நான் பொய் சொல்லிகினு கீறேன். எங்க நைனாவுக்குக் கண்ணு சரியா தெரில. மேல ஒக்காந்தா கீய நிக்கிற ஆளு தொங்கப்போட்ட துணி மாரி தெரியறானாம். எங்க மாமா தான் கீய நின்னு கை காட்றவரு, அவரு விசில் அடிச்சி அடிச்சி சொல்றாரு. ரெண்டு வாரத்துல டாக்டரு கண்ணு டெஸ்ட் பண்ணப் போறாரு. ஆஸ்பத்திரி செவுத்துல எய்த்து அட்டை மாட்டிகீதுல்ல, ஜொரம்னு பொய் சொல்லிப் போய் அத்த சிகரெட் அட்டையில எய்திகினு வந்துட்டேன். தெனம் காலைல நைனா சவரம் பண்ணும்போது சொல்லித் தரேன். ஈ. எஃப், பி. டி, ஓ, இசட். எல், பி, ஈ, டி. நைனா ஜெபமாலை மாரி சொல்லிகினே கீறாரு. அம்மா, நான் இங்கிலீசு படிக்கிறேன்னு நெனச்சிகினு கீது."

கடலைத் தோலை ஊதும் சத்தம் கேட்டது. பிறகு:

"இது பாவம்னா எனக்குப் போடு சாமி. நைனாவுக்குப் போடாதே."

நான் கீச்சிடவில்லை. கல்லின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். மொட்டைவால் சாமி வந்து கடலையை எடுத்துக்கொண்டு போனது. அவன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, பம்படியைப் பார்த்து, "முடிஞ்சிட்ச்சுடா, வாங்க!" என்று கூவினான். அவ்வளவு லேசான முகத்தை அதற்குப் பிறகு நான் யாரிடமும் பார்த்ததில்லை.

மறுநாள் ஞாயிறு. மதியச் சாப்பாடு. அக்காவுக்கு ஏதோ கோபம், உம்மென்று இருந்தாள். அவளைச் சிரிக்க வைக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு நோக்கமே இல்லை. சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் ஜெபமாலையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, வயதானவரின் கட்டைக் குரலில் மணி மணியாக உருட்டினேன்: "ஈ... எஃப், பி... டி, ஓ, இசட்..." அக்காவுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. "யார்டா அது?" என்றாள். சொன்னேன். சவரம், சிகரெட் அட்டை, விசில், எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவும் முதலில் சிரித்தார்.

பிறகு அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"இத யாரு உனக்குச் சொன்னது?"

"அவனே சொன்னான்ப்பா."

"உன்கிட்டயா?"

"இல்ல. அணில்கிட்ட."

அப்பா அதற்குச் சிரிக்கவில்லை. "போன வாரம் ஒரு இரும்புக் கட்டு ரெண்டு அடி தள்ளி எறங்கிச்சு. கீழ ஆள் ஒதுங்கினதால தப்பிச்சான். காத்துன்னு நெனச்சேன்" என்று அம்மாவிடம் சொன்னார். கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். கருவாட்டுக் குழம்பு அவருக்கு மிகவும் பிடிக்கும். தட்டில் பாதி இருந்தது.

அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. நானும் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அதுதான் உண்மை.

கண் பரிசோதனை புனித வாரத்தின் திங்கட்கிழமை நடந்தது. மறுநாள் பம்படியில் கிரேன்காரர் மகன் எங்களிடம் சொன்னான். அப்போதுதான் மீன்காரம்மா மகனுக்கே அந்தக் கதை முழுதாகத் தெரிய வந்தது.

"நைனா கடகடன்னு படிச்சாராம்டா. ஒரு எய்த்து கூட வுடல. டாக்டரு, 'சரி, இப்போ கடைசிலர்ந்து திருப்பிப் படி'ன்னாராம். எங்க நைனாவுக்கு முன்னாலர்ந்து தான்டா தெரியும்."

அவன் அதைச் சொன்ன விதத்தில் மீன்காரம்மா மகன் சிரித்துவிட்டான். கிரேன்காரர் மகனும் லேசாகச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு மட்டும் தெரிந்தது, அந்த டாக்டரிடம் யார் பேசியிருப்பார் என்று.

வியாழக்கிழமை அப்பா என்னைக் கடைக்கு அழைத்துப்போய், புது நன்மைக்கு வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்கித் தந்தார். அக்காவின் பழைய ஷூவுக்குச் சுண்ணாம்பு பூசிப் போடுவதாகத்தான் முதலில் பேச்சு. வரும் வழியில் என் தோளில் கை வைத்தார். அவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

"நீ சொல்லலன்னா என்னிக்காவது ஒருத்தன் செத்திருப்பான். நல்ல காரியம் பண்ணினடா."

அப்பா செய்தது தவறு என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். கண் மங்கிய ஒருவர் மனிதர்களின் தலைக்கு மேல் இரும்பைத் தூக்கக் கூடாது. அவர் ஆளைத் திட்டவில்லை, காட்டிக்கொடுத்து விசாரணை வைக்கவில்லை, மைத்துனரின் விசிலைப் பற்றி வாயே திறக்கவில்லை. தனக்குத் தெரிந்த வரையில் மென்மையாகத்தான் செய்தார். ஒரு விஷயத்தில் மட்டும் தவறினார். நான் அதை நல்லதுக்காகச் சொன்னேன் என்று நினைத்தார். நான் அக்காவைச் சிரிக்க வைக்கச் சொன்னேன். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். ஷூ கையில் இருந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை. அன்று கோயில் மணி அடிக்கமாட்டார்கள், மரப்பலகையைத்தான் தட்டுவார்கள். அந்த வறண்ட சத்தம் கேட்டுக்கொண்டிருந்த மதியத்தில், ஷூவைப் பழக்குவதற்காகப் போட்டுக்கொண்டு வளாகத்துக்குப் போனேன். கெபிக்கு முன்னால் கிரேன்காரர் மகன் உண்டிகோலோடு நின்றுகொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளி மீன்காரம்மா மகன்.

"இன்னாடா பண்றே?"

"நான் இந்த விஷயத்த இது கிட்ட மட்டும் தான்டா சொன்னேன். வேற ஒருத்தருக்கும் தெரியாது. இது தான் வத்தி வச்சிருக்கு."

"அணிலு எப்பட்றா வத்தி வெக்கும்? அதுக்கு வாயா கீது?" என்றான் மீன்காரம்மா மகன்.

"சாமின்னு வச்சோமில்ல. மேல கீறவரு கிட்ட சொல்லியிருக்கும். அவரு டாக்டரு கிட்ட சொல்லிட்டாரு."

மொட்டைவால் சாமி பொந்திலிருந்து வெளியே வந்தது. யார் கையிலும் கடலை இல்லை. வழக்கம்போலப் பின்னங்காலில் உட்கார்ந்து கையிரண்டையும் மார்பில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. அவன் ரப்பரைக் காது வரை இழுத்தான். நான் நின்ற இடத்திலிருந்து குழாயின் வாய் தெரிந்தது. ஒரே ஒரு வாக்கியம்தான். "அது இல்லடா, நான்தான்." அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாய் வரை வந்தது. உபதேசியார் சொன்னது சரிதான், துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அவன் கையைத் தளர்த்திவிட்டான்.

"சாமிய எப்பட்றா அடிக்கறது" என்றான். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தான். "புச்சா?"

"ம்."

"நல்லா கீது."

மறுநாள் பாவசங்கீர்த்தனம். வரிசையில் அவன் எனக்கு முன்னால் நின்றான். தொட்டிக்குப் போனவன் போன வேகத்தில் திரும்பி வந்தான். "இன்னாடா சொன்னே?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. ஒரு தபா சொன்னதே போதும்" என்றான். அடுத்து நான் போனேன். சல்லடையில் மூக்குப்பொடி வாசனை வந்தது. சர்க்கரை திருடியதைச் சொன்னேன். மூன்று அருள் நிறைந்த மரியே கொடுத்தார். மறுநாள் வெள்ளை ஷூவில் போய் நன்மை வாங்கினேன். நாக்கில் எதுவும் நெருப்பாக ஒட்டிக்கொள்ளவில்லை. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கிரேன்காரரைக் கூண்டிலிருந்து இறக்கிக் கயிறு சுருட்டும் வேலையில் போட்டார்கள். நாலைந்து மாதம் வந்தார். தரையில் நடக்கும்போது காலால் தடவித் தடவி வைப்பார். பிறகு குடும்பத்தோடு மனைவியின் ஊரான, எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கத்துக்குப் போய்விட்டார். ஐந்தாம் வகுப்போடு என் நண்பனின் படிப்பு முடிந்தது. நான் தொடர்ந்து படித்தேன், நிறையவே படித்தேன்.

கல்லூரி நாளில் ஒருமுறை சிநேகிதர்களோடு எண்ணூர்ப் பக்கம் போனபோது அவனைப் பார்த்தேன். கழிமுகத்தில் மார்பளவுத் தண்ணீரில் இருந்தான். சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள், பிடித்ததைப் போட ஒரு ஓலைப் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். என்னைக் கண்டதும் அவனால் பேச முடியவில்லை. கரைக்கு வந்து பறியை வாயிலிருந்து எடுத்த பிறகுதான் சிரித்தான்.

"இன்னா தொரே, ஆளே மாறிட்டே!"

"அப்பா எப்படி இருக்காரு?"

"கீறாரு. இப்போ சுத்தமா தெரியாது. ஆனா வலையக் கையில குட்த்தா, கிழிசலு எங்க கீதுன்னு வெரலாலயே சொல்லிடுவாரு. எங்க மாமாவுக்குக் கண்ணு கீது, அவருக்குத் தெரியமாட்டேங்குது." பறியிலிருந்து இரண்டு கை இறாலை ஓலையில் சுற்றி என்னிடம் கொடுத்தான். "வூட்ல குடு. அந்த மொட்டைவாலு ஞாபகம் கீதா? எங்க வூட்டையே எண்ணூருக்குத் தூக்கிப் போட்டுட்ச்சு பாரு, இத்தினூண்டு இருந்துகினு."

நான் சிரித்தேன். அவன் சிரித்தானா, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தானா என்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இறாலை வாங்கிக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். அதன் பிறகு அவனை நான் பார்க்கவில்லை. தேடவும் இல்லை.

போன மாத முகாம் எங்கள் கோயில் மண்டபத்தில்தான் நடந்தது, உபதேசியார் குடையைத் தட்டிய அதே இடத்தில். கெபிக்கு இப்போது வழவழப்பான ஓடு பதித்துவிட்டார்கள். குழாயையும் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டார்கள். அணில்கள் மட்டும் மதில் மேல் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு சின்னப் பெண் என் இடது கண்ணை அட்டையால் மறைத்து, சுவரைக் காட்டி, "படிங்க தாத்தா" என்றாள். வெள்ளையாக ஒரு செவ்வகம் தெரிந்தது, அதில் எறும்பு மொய்த்ததுபோல ஏதோ. நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"ஈ. எஃப், பி. டி, ஓ, இசட். எல், பி, ஈ, டி."

"சூப்பர் தாத்தா! இந்த வயசுல இவ்ளோ தெளிவா தெரியுதே" என்று அவள் தாளில் குறித்தாள். அறுபது வருஷத்துக்குப் பிறகும் அதே அட்டைதான் போலிருக்கிறது. எனக்குக் கிடைத்த மூன்றாவது பொய்ப் பாராட்டு.

"இரும்மா. கடைசிலேருந்து திருப்பிப் படிக்கச் சொல்லு."

"எதுக்கு தாத்தா? அதான் படிச்சிட்டீங்களே."

"நீ சொல்லு."

பின்னால் வரிசையில் ஒருவர், "இன்னா பெர்சு, பரீட்சையா எய்திகினு கீறே? நகருப்பா" என்றார். அந்தப் பெண் தயங்கிவிட்டு, ஒரு வரியின் கடைசியில் குச்சியை வைத்தாள். பார்த்தேன். குச்சியே சரியாகத் தெரியவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் குறித்ததை அடித்தாள். "அப்போ மொதல்ல எப்படி சொன்னீங்க?"

"ஒரு பையன் அவங்க அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தது" என்றேன். "நான் ஒட்டுக் கேட்டேன்."